ஆரம்பப் பள்ளிக் கணக்கில் காரணம் கூறும் பழக்கம்

மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 25 என்ற சரியான விடையைப் பக்கத்தில் எழுதுகிறார். மாணவனும் பார்த்து எழுதிக்கொள்கிறான். மறுநாள் 64-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் அவன் 44 என்று எழுதுவான். காரணம் கவனக்குறைவு அன்று. பெரியதிலிருந்தே சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முந்தைய வகுப்புகளில் கற்ற விதியை அவன் ஒவ்வோர் இலக்கத்திற்கும் தனித்தனியே ஒழுங்காகக் கையாள்கிறான். இரண்டிலிருந்து ஏழு போகாது; எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழிக்கிறான். விடை தவறு, ஆயினும் அதன் பின்னே ஒரு சிந்தனை இருக்கிறது. அச்சிந்தனையைக் கேட்டறியாமல் செய்யப்படும் திருத்தம் நோட்டுப் புத்தகத்தைத் திருத்துமேயன்றி மாணவனைத் திருத்தாது.

இக்குறை சிறியதாகத் தோன்றலாம். அதன் விளைவு சிறியதன்று. பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் நடத்திய 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர்களுள் ஏறத்தாழ 31 சதவீதத்தினரே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவராய் இருந்தனர். கழித்தலை உணராத மாணவன் வகுத்தலில் தடுமாறுவது இயல்பே. அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் மூன்றாம் வகுப்பின் இறுதிக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் அளிக்கும் நோக்குடன் நிபுண் பாரத் இயக்கம் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2026-27ஆம் ஆண்டு அதற்கு இலக்காக வைக்கப்பட்டது. இத்தகைய இலக்குகளை எய்துவதில் வகுப்பறை உரையாடலுக்குள்ள பங்கு போதிய அளவு உணரப்படவில்லை.

கல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. விற்பனையின்போது கடினமான கணக்குகளை மனத்தாலேயே போட்ட அச்சிறுவர்களுள் பெரும்பாலோர், பள்ளிப் பாடநூல் முறையில் தரப்பட்ட எளிய கணக்குகளில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேறிய பிற மாணவர்களோ சந்தைக் கணக்கில் திணறினர். கிலோ 30 ரூபாய் விற்கும் உருளைக்கிழங்கில் 800 கிராமுக்கு விலை என்ன என்றால், கடையில் நிற்கும் சிறுவன் 200 கிராமுக்கு 6 ரூபாய் என்று கண்டு, அதை 30-இலிருந்து கழித்து 24 என்று கூறிவிடக்கூடும். இது முறையான கணிதமே. ஆனால் இதை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு அவனுக்கு வகுப்பில் கிடைப்பதில்லை. அங்கே அவன் கணக்கு வராத பையன் என்று பெயர் பெற்று, நாளடைவில் பள்ளியை விட்டும் நின்றுவிடக்கூடும்.

காரணம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. விடை தவறானபோது மட்டும் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால், அக்கேள்வியே தண்டனையின் அறிகுறி என்று குழந்தை எண்ணிக்கொள்ளும், உடனே விடையை அழிக்கத் தொடங்கும். சரியான விடைக்கும் அதே கேள்வி, அதே குரலில் கேட்கப்பட வேண்டும். கேட்டபின் சற்றுப் பொறுத்திருத்தலும் அவசியம். ஆசிரியர்களுள் பலர் குழந்தை வாய் திறக்குமுன் விளக்கத்தைத் தாமே கூறி முடித்துவிடுகின்றனர். சொல்ல வராத குழந்தையிடம் தீக்குச்சிகளைக் கொடுக்கலாம். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் 42. பதினேழை எடுக்க முயலும் குழந்தை ஒரு கட்டைத் தானே அவிழ்க்கும். ‘கடன் வாங்குதல்’ என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் சொல்லுக்குப் பொருள் அப்போதுதான் விளங்கும். 35 ஏன் வராது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

விளக்கம் குழந்தையின் வீட்டு மொழியிலேயே அமைதல் நன்று. ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் பரிந்துரை. எண்ணுப்பெயர்களின் அமைப்பையும் இங்குக் கருத வேண்டும். இந்தியில் 39-இன் பெயர் உன்தாலீஸ். அது நாற்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருளுடையது. காதில் விழுவது நாற்பதின் சாயல். எழுத வேண்டியதோ மூன்றில் தொடங்கும் எண். தமிழில் முப்பத்தொன்பது என்னும்போது இச்சிக்கல் இல்லை. இந்திவழிப் பள்ளியில் 39-ஐ 49 என்று எழுதும் குழந்தையை வாய்விட்டுச் சொல்லச் செய்தாலன்றிப் பிழையின் மூலம் புலப்படாது.

வாசகக் கணக்குகளில் இதன் பயன் இன்னும் மிகுதி. 130 மாணவர்கள் சுற்றுலா செல்கின்றனர். பேருந்து ஒன்றில் 40 பேர் அமரலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்? ‘ஈவு 3, மீதி 10’ என்று எழுதி நிறுத்திய மாணவனின் வகுத்தலில் பிழையில்லை. அந்த மீதி யார் என்று கேட்டால், பத்துப் பேர் பள்ளி வாசலிலேயே நிற்பதை அவனே கண்டுகொண்டு நான்காவது பேருந்தைக் கேட்பான்.

நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பேச வைப்பது எங்ஙனம் என்ற ஆசிரியரின் வினா நியாயமானதே. கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்கப் பள்ளிகளுக்கு விதித்துள்ள அளவு ஆசிரியர் ஒருவருக்கு முப்பது மாணவர். அந்த அளவில்கூட அனைவரையும் ஒரே நாளில் கேட்க முடியாது. நாள்தோறும் ஒரே ஒரு கணக்கை எடுத்து, வெவ்வேறு வழியில் செய்த இருவரைக் கரும்பலகைக்கு அழைத்து விளக்கச் சொன்னால், மூன்று வாரங்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று பேசி முடித்துவிடும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. திட்ட அறிக்கைகளில் இது இடம்பெறாததற்கும் ஒருவேளை அதுவே காரணமாகலாம்.

பள்ளியைப் பார்வையிடும் அதிகாரிகள் வழக்கமாக வருகைப் பதிவேட்டையும், பாடம் எதுவரை முடிந்தது என்பதையும் காண்கின்றனர். ஏதேனும் இரண்டு குழந்தைகளை அவர்களது நோட்டுப் புத்தகத்துடன் அழைத்து, சரியென்று குறியிடப்பட்ட கணக்கொன்றைக் காட்டி, விடை வந்த வழியைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். அப்போது குழந்தை கூறும் சொற்களை உள்ளபடியே பார்வைக் குறிப்பில் எழுதிவைத்தால், அடுத்த முறை வரும் அதிகாரி அதே குழந்தையிடமிருந்து தொடங்கலாம்.