கண்ணாடியில் ஒட்டிய கணக்கு

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் ஸ்டிக்கரை உரித்து எடுப்பதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். நானும் ஒரு நாள் இரவு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் பழைய காரை, இங்கே நாக்பூரிலேயே இருக்கும் நண்பர் ஒருவரின் மகனுக்கு விற்றேன். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் முறைப்படி மாற்றியாயிற்று. பத்து நாள் கழித்து இரவு இரண்டு மணிக்கு என் செல்போன் ஒலித்தது. ஹைதராபாத் போகும் வழியில் ஒரு சுங்கச்சாவடியில் என் பணம் கழிக்கப்பட்டிருந்தது. விடிவதற்குள் இன்னும் இரண்டு செய்திகள். இருப்பு குறைந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பும்படி நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். "விற்ற வண்டிக்கு நாம் ஏன் கப்பம் கட்ட வேண்டும்?" என்றாள் என் மனைவி. கேட்டால் நட்பு கெடுமோ, கேட்காவிட்டால் பணம் போகுமே என்று ஒரு வாரம் தவித்தேன். கடைசியில் கேட்டேன். "வண்டியோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டேன் மாமா" என்று சொல்லிப் பையன் அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டான். தவறு அவனுடையதல்ல, என்னுடையது.

ஃபாஸ்டாக்கில் பாட்டரி கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனாவும் கடுகளவு சிப்பும்தான் உள்ளே இருக்கின்றன. சாவடியில் உள்ள கருவி அனுப்பும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையிலிருந்தே அது சக்தி பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அந்த எண் யார் கணக்கோடு இணைந்திருக்கிறதோ, அவர் பணம் போகும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் இது கட்டாயமாயிற்று.

நான் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஒற்றைப் பாதையில் பந்து டோக்கன் முறை உண்டு. ரயில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. டிரைவர் கொண்டு வந்த டோக்கன் கருவிக்குள் திரும்பப் போனால்தான் லைன் மூடப்பட்டதாகக் கணக்கு. என் கார் போய்விட்டது, டோக்கனை நான் திருப்பவில்லை. நாற்பது வருடம் பிறருக்குப் பாடம் சொன்னவன் சொந்த விஷயத்தில் கோட்டை விட்டேன்!

ஆகவே, காரை விற்கும்போது வரிசை இதுதான்:

1. முதலில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது அது கிழிந்துவிடும்.

2. டேக் கொடுத்த வங்கியிடம் கணக்கை மூடச் சொல்லுங்கள். மீதிப் பணத்தையும், வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தானாக நிரம்பும் ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033.

3. மூடியாயிற்று என்று உறுதியான பிறகே உரியுங்கள். கண்ணாடி இளஞ்சூடாக இருந்தால் பசை இளகும். நம் ஊர் மே மாத வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினாலே போதும். குளிர்காலத்தில் தலைமுடி உலர்த்தும் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லச் சூடேற்றலாம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

4. பழைய ஏ.டி.எம். கார்டின் முனையால் ஒரு மூலையைத் தூக்கி, மெதுவாக இழுங்கள். பிளேடு வேண்டாம். உள்பக்கம் ஒட்டிய ஃபிலிமையும் கண்ணாடியையும் அது கீறிவிடும்.

5. மிச்சப் பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகத் துடையுங்கள். பிசுக்கு நின்றால் இரவில் எதிர் வண்டி விளக்கு கண்ணைக் கூசும், புது டேக்கும் ஒட்டாது.

6. உரித்ததைக் கத்தரியால் துண்டு துண்டாக்கிப் போடுங்கள்.

கண்ணாடி உடைந்து மாற்றினால் கணக்கை மூடத் தேவையில்லை. வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள். பழையதை உரித்து டேப்பால் ஒட்டுவதும், கையில் பிடித்துக் காட்டுவதும் கூடாது. அப்படிப்பட்ட டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டது. புதியதை உள்பக்கம், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், நடுவில் ஒட்டுங்கள்.

போனது சில நூறு ரூபாய்தான். ஆனால் அந்த வண்டி வழியில் ஏதாவது விபத்தில் சிக்கியிருந்தால், சாவடிக் கணக்கில் முதலில் தெரிவது என் பெயராகத்தானே இருந்திருக்கும்? வண்டியைக் கொடுக்கும்போது சாவியை மட்டும் கொடுங்கள், கணக்கைக் கொடுக்காதீர்கள்.