மழைக் கணக்கும் மெய்ம்மையும்

மழை பெய்தது என்று கூறுதல் எளிது. இத்துணைப் பெய்தது என்று கூறுதற்கு அளவு வேண்டும். தாம்பரத்தில் நம் கல்லூரி வெளியில் மழைமானி ஒன்றை நாட்டி, வடகிழக்குப் பருவமழையை மாணாக்கருடன் அளந்து குறித்து வருகின்றோம். அதனாற் கற்ற சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

மழைமானியை மரநிழலிலோ சுவரோரத்திலோ வைத்தலாகாது. அருகே நிற்கும் பொருளின் உயரத்தைப் போல் இருமடங்கேனும் தள்ளி, அதன் வாய் விளிம்பு தரைக்கு 30 செ.மீ. மேலே மட்டமாக நிற்குமாறு அமைத்தல் வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளத்தல் நம் நாட்டு வானிலைத் துறையின் முறையாம். முந்திய நாள் காலை அளந்தபின் பெய்த மழை முழுதும் அளக்கும் நாளின் கணக்கிற் சேரும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேற் பெய்த நாளே மழைநாள் எனப்படும். ஒரு மி.மீ. மழையாவது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் என்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளக்கத் தவறிய மாணாக்கர் ஒருவர், செய்தித்தாளிற் கண்ட நுங்கம்பாக்கத்து அளவை நம் ஏட்டில் எழுதிவிட்டார். "எல்லாம் ஒரே மழைதானே, ஐயா?" என்று வினவினார். அவருக்கு 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாட் காலைக் கணக்கைக் காட்டினோம். அதற்கு முந்திய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழையும், தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும் பெய்தன. நுங்கம்பாக்கத்து அளவு மதிப்புமிக்கதே. அங்கு 1792இல் எழுந்த வானாய்வுக் கூடத்தினர் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே வானிலையைக் குறிக்கத் தொடங்கினர். ஆயினும் அது நம் மழையின் அளவாகாது.

இவ்வேறுபாடு சிறிதென்று எண்ணற்க. சேலையூர், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கடலை அடைகின்றது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்பைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. மேட்டிற் பெய்ததை அறியாதார் பள்ளத்திற்கு வருவதை அறியார். ஏட்டில் நுழைந்த பொய்யெண் ஒன்று, பின்னர் அதனை நம்பி வெள்ளத்தைக் கணிப்பவரை மயக்கும்.

ஆதலின், மழை பெய்யாத நாளிற் சுழியிடுக. அளக்காத நாளில் எண் எழுதாது விடுக. சுழியாவது, பார்த்தோம், மழையில்லை என்பது. வெற்றிடமாவது, பார்த்திலோம் என்பது. இரண்டும் மெய்யே.

அம்மாணாக்கர் தாம் எழுதிய எண்ணைச் சுரண்டி அழிக்காமல், அதன்மேல் ஒரு கோடிட்டு, அருகே "அளக்கவில்லை" என்றெழுதிக் கையொப்பமிட்டார். வரும் ஐப்பசியில் மழைமானியின் பொறுப்பை ஏற்கும் மாணாக்கர் முதற்கண் அப்பக்கத்தைப் பார்ப்பாராக.