மூட்டுக்குள் மறைந்த வலி

சிறு காயம் பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் உறைந்து கசிவு நின்றுவிடும். 'ஹீமோபிலியா' எனும் குருதி உறையாமை நோய் உள்ளவருக்கு அது எளிதில் நிற்பதில்லை. உறைதலுக்குத் தேவையான எட்டாம் காரணி குறைந்தால் 'ஏ' வகை. ஒன்பதாம் காரணி குறைந்தால் 'பி' வகை. மரபணுக் குறைபாட்டால் ஏற்படும் இந்நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்குகிறது.

வெளிக்காயத்தைவிட உட்கசிவே பெரும் இடராகும். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளில் அடிக்கடி இரத்தம் கசிந்தால் குருத்தெலும்பு சிதையும். சிறுவயதில் போதிய சிகிச்சை பெறாத பெரியவர்கள் பலர் இவ்வலியோடு வாழ்கின்றனர்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரயிலில் நெடுநேரம் நிற்பதும், பிரிக்பீல்ட்ஸில் படியேறி நடப்பதும் அவருக்குச் சோதனையே. காயம் வெளியே தெரியாததால் இருக்கை கேட்கத் தயங்குவார். வேலை பறிபோகுமோ என அஞ்சி நோயை மறைப்பார். மறைப்பதால் சிகிச்சையும் தாமதமாகும்.

நோயின்மை மட்டுமே நலமன்று; உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றின் நிறைவே நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கொள்கை. குறைந்த காரணியைச் சீராக ஊசிவழி ஏற்றிக்கொள்வது கசிவைத் தடுக்கும். மருத்துவர் ஆலோசனையோடு நீந்துவது தசைகளை வலுப்படுத்தி மூட்டைக் காக்கும். 

இந்நோயுடன் வாழ்ந்த பிராங்க் ஷ்னாபெல் என்பவரே 1963இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை நிறுவினார். அவர் பிறந்த ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினமாக அனுசரிக்கப்படுகிறது. மருந்து கசிவை நிறுத்தும். அச்சமின்றி நோயைச் சொல்லும் சூழலைச் சக பணியாளர்களும் முதலாளிகளுமே உருவாக்க வேண்டும்.