உண்டியில் அளவறிதல்

பௌத்த நெறியைத் தழுவிய நாம் நாள்தோறும் மும்மணிகளைச் சரணடைகின்றோம். ஐந்து சீலங்களை ஓதுகின்றோம். ஓதும் நாவும், அமர்ந்து தியானிக்கும் தேகமும், அறத்தை ஆராயும் அறிவும் நலமாயிருந்தாலன்றோ இவை பயன்தரும்? ஆகவே உடலைப் பேணுதல் வெறும் உலகியற் காரியம், தருமத்திற்குப் புறம்பானது என்று எவரேனும் எண்ணுவாராயின் அது பிழையாகும். உணவு, நீர், நடை ஆகிய மூன்றைப் பற்றியும் புத்தர் பெருமான் காட்டிய வழியையும் இக்கால மருத்துவ அறிவையும் ஒருங்கு வைத்து இப்பாடத்தில் ஆராய்வோம்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. சான்பாடாவில் ஞாயிறுதோறும் நாம் கூடிப் படிக்கின்றோம். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இங்குக் குடியேறிய குடும்பங்களே பெரும்பாலும் வருகின்றன. தியானம் முடிந்து தரையிலிருந்து எழும்போது, சுவரைப் பற்றாமல் எழுவோர் எத்தனை பேர் என்று ஒருநாள் கவனித்தோம். மிகச் சிலரே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொள்வோர் எத்தனை பேர் என்று வினவினோம். பாதிக்கு மேற்பட்டோர் கையுயர்த்தினர். அவருள் ஐம்பது வயதைக் கடவாதவரும் இருந்தனர்.

இது நம் ஒரு கூட்டத்தின் நிலைமை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வின்படி, 2021-இல் இந்நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உற்றிருந்தனர்; மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிலில் நின்றனர். சிற்றூர்களினும் நகரங்களிலேயே இந்நோய் மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிபு. வயல் வேலையை விட்டு நகரம் வந்த நாம், வயலில் உழைத்தவர் உண்ட சோற்றின் அளவை மட்டும் விடவில்லை.

கோசல மன்னனின் உணவு

சம்யுத்த நிகாயத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசல நாட்டு மன்னன் பசேனதி பெருந்தீனி உண்பவன். ஒரு வேளைக்கு ஒரு துரோண அளவு அரிசியின் சோற்றைக் கறிகளோடு உண்பான். அவ்வாறு உண்டு, பெருமூச்சு வாங்கியவாறு ஒருநாள் பகவானிடம் வந்தமர்ந்தான். பெருமான் அவனை இகழவில்லை. நோயைக் காட்டி அச்சுறுத்தவுமில்லை. விழிப்போடிருந்து, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்கு வேதனைகள் குறையும், முதுமை மெல்லவே வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் கருத்தமைந்த ஒரு பாட்டை மட்டும் அருளினார்.

மன்னன் பின்னால் சுதர்சனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அப்பாட்டை மனப்பாடம் செய்து தான் உண்ணும்போதெல்லாம் ஓதவேண்டும் என்று மன்னன் அவனைப் பணித்தான். அதற்கு நாள்தோறும் நூறு காசு ஊதியமும் அளித்தான். நாளடைவில் மன்னனின் உணவு ஒரு 'நாளி' அளவுக்கு இறங்கியது. பாலியின் நாளியும் நம் நாழியும் ஒத்த சொற்கள். உடல் இலேசான மன்னன் தன் அங்கங்களைத் தடவிப் பார்த்து, பகவான் தனக்கு இம்மைக்கும் மறுமைக்கும் நன்மை செய்தார் என்று மகிழ்ந்தான்.

இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, மன்னன் அறிவுரையைக் கேட்டுச் சினங் கொள்ளவில்லை. "உன் சோற்றைக் குறை" என்று மனைவியோ மகளோ கூறினால் நம் இல்லங்களில் எழும் கோபத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவது, தன் மன உறுதியை மட்டும் அவன் நம்பவில்லை. மறதி வரும் வேளையில் நினைவூட்ட ஒருவனை அமர்த்தினான். புகழ்பாடுவோர்க்குப் பொருள் கொடுத்த மன்னர் பலர். தன்னைத் தடுப்பவனுக்குப் பொருள் கொடுத்த மன்னன் இவன்.

மூன்றாவது, அவன் ஒரே நாளில் குறைக்கவில்லை. மன்னன் உண்ணாது விட்ட கடைசிப் பிடியிலுள்ள பருக்கைகளை எண்ணி, மறுவேளைக்கு அவ்வளவு அரிசியைக் குறைத்து உலையிலிட வேண்டும் என்று இளைஞனுக்குச் சொல்லப்பட்டதாக உரை கூறுகின்றது. அளவு தட்டில் தொடங்குவதன்று, அரிசிப் பானையில் தொடங்குவது என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது. வடித்த சோறு மிஞ்சினால் வீணாகுமே என்று உண்பது நம் வழக்கம். வடிப்பதற்கு முன்பே அளந்தால் அவ்வழக்கிற்கு இடமில்லை.

அளவறிதல் என்பது பட்டினியன்று என்பதையும் உணர்க. சித்தார்த்தர் கடுந்தவத்தில் உணவைத் துறந்து எலும்புருவானார். அதனாற் பயனில்லை எனக் கண்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். பெருந்தீனி ஓர் எல்லை, பட்டினி மற்றோர் எல்லை. நம் நெறி இவற்றின் நடுவே செல்வது. நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் உபோசத நாளில் மருத்துவரைக் கேளாமல் நோன்பிருப்பது ஆபத்து.

நம் தட்டில் இருப்பது என்ன?

சோற்றின் அளவு ஒரு குறை. சோற்றைச் சுற்றி இருக்க வேண்டியவை இல்லாமை மற்றொரு குறை. இதனைத் தெளிவாகக் காட்டிய சோதனை தமிழ்நாட்டிலேயே நடந்தது. நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில், 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அச்சிறு ஆய்வகமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பசுங்காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. மராட்டியர் உணவை உண்டவையும் நன்கு வளர்ந்தன. யாவற்றினும் குன்றி நின்றவை சென்னை மாகாணத்தாரின் அரிசியுணவை உண்டவையே.

அரிசி நஞ்சு என்பது இதன் பொருளன்று. பாலும் பருப்பும் கீரையும் குன்றிய இடத்தில் அரிசி மட்டும் வயிற்றை நிரப்பினால் உடல் நிரம்பாது என்பதே இதன் பொருள். புழுங்கல் அரிசியைச் சிறப்பிக்கவும் காரணம் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. பெரிபெரியைத் தடுப்பது அச்சத்தே. மிகத் தீட்டிய பச்சரிசியில் அது பெரிதும் போய்விடுகின்றது.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டும் ஒருவருக்குச் சமைக்குமுன் எடைபோட்ட தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்று வகுத்துள்ளது. உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது. இதனை நம் தட்டோடு ஒப்பிடுவோம். தானியம் வகுத்த அளவைத் தாண்டுகின்றது. காய்கறியோ, குழம்பில் மிதக்கும் இரண்டு துண்டும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலுமாக நின்றுவிடுகின்றது. மும்பை மாநகருக்குக் காய்கறி வழங்கும் பெரிய மொத்தச் சந்தை சான்பாடாவுக்கு அருகிலேயே உள்ளது. நகரத்தார் உண்ணும் கீரையெல்லாம் நம் வாயில் வழியே வண்டியில் செல்கின்றது. நம் தட்டில் மட்டும் இறங்கவில்லை.

இதற்கு மிகுந்த செல்வம் வேண்டுவதில்லை. இந்நகரின் மளிகைக் கடைகளில் நாச்ணி என்றால் நம் கேழ்வரகு. பாஜ்ரி என்றால் கம்பு. ஜ்வாரி என்றால் சோளம். மராட்டியப் பௌத்தக் குடும்பங்கள் சுடும் பாக்ரி இவற்றால் ஆனதே. ஒருவேளைச் சோற்றை விடுத்து அதனை ஏற்பது நம் சகோதரரோடு ஒத்துண்பதும் ஆகும். காலையில் வடாபாவை நாடுவோர்க்கு மற்றொன்று கூறுவோம். அந்தகவிந்தம் என்னும் ஊரில் அந்தணர் ஒருவர் கஞ்சி வழங்கியபோது, பகவான் கஞ்சியின் பத்து நன்மைகளை எடுத்துரைத்தார் என்று விநய நூல் கூறுகின்றது. பசியையும் தாகத்தையும் ஒருங்கே தணிப்பதும், செரியாத உணவைச் செரிக்கச் செய்வதும் அவற்றுள் அடங்கும். பயறு சேர்த்த கேழ்வரகுக் கஞ்சியினும் எளிய காலையுணவு யாது?

இல்லங்களில் மற்றோர் அநீதியும் நிகழ்கின்றது. சமைத்தவள் கடைசியில் உண்கின்றாள். காய் தீர்ந்து சோறு மட்டும் எஞ்சியிருக்கும். அனைவரும் சமம் என்று உறுதி பூண்டு தருமத்துள் புகுந்தோம். அச்சமத்துவம் அடுப்படி வரை செல்லவேண்டாமா? யாவரும் ஒருங்கமர்ந்து பகிர்ந்துண்பதே தக்கது.

நீரும் தேநீரும்

பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர் வடிகட்டி ஒன்று. நீரிலுள்ள சிற்றுயிரைக் காப்பது அதன் நோக்கம். தூய நீர் பருகும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது. நாமும் ஐயத்திற்கிடமான நீரைக் கொதிக்கவைத்தே பருகுவோமாக.

மும்பையின் புழுக்கத்தில் வியர்வையாகப் போகும் நீர் மிகுதி. சாதாரணமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் உழைப்போர்க்கு இன்னும் மிகுதி. ஆயினும் நெடுந்தொலைவு இரயிலில் செல்லும் பெண்கள், வழியில் கழிப்பிடம் கிட்டாதென்று அஞ்சி, காலை முதல் நீரே பருகாதிருக்கின்றனர். சிறுநீர்த் தாரையில் தொற்றும் கல்லும் உண்டாக இவ்வழக்கம் ஏதுவாகின்றது. இல்லத்திலும் பணியிடத்திலும் அடைந்தவுடன் பருகுதல், சிறுநீர் வெளிர்மஞ்சளாக உள்ளதா எனக் கவனித்தல் ஆகியவை எளிய காப்புகள். சிறுநீரகமோ இதயமோ பழுதுற்றோர் மட்டும் மருத்துவர் குறித்த அளவையே கொள்ளவேண்டும்.

தேநீரை நீரென்று கணக்கிட்டு மயங்கலாகாது. ஒரு குவளைக்கு இரு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 10 கிராம். ஐந்து குவளைக்கு 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி உண்பவர்க்கு வகுத்த உச்ச அளவே இதுதான். நாம் தேநீரிலேயே அதனை முடித்துவிடுகின்றோம். மதுவைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஐந்தாம் சீலமும், நாகபுரியில் பாபாசாகேப் செய்வித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளும் அதனை விலக்கிவிட்டன.

நடையும் தியானமும்

நடத்தலின் ஐந்து பயன்களை அங்குத்தர நிகாயத்தில் பெருமான் கூறினார். வழிநடைக்கு உடல் தகுதி பெறும், முயற்சிக்கு வலிமை உண்டாகும், நோய் குறையும், உண்டது செரிக்கும், நடையில் எய்திய மன ஒருமை நெடிது நிற்கும். புத்தகயையில் மகாபோதிக் கோயிலின் வடபுறம், ஞானமெய்திய பின் பெருமான் நடந்த இடமாகப் போற்றப்படும் மேடையில் கல்தாமரைகளை இன்றும் காணலாம். நடையைத் தியானமாக்கிய சமயம் நம்முடையது.

பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற பயிற்சி செய்யவேண்டும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாட்களில் இது நிறைவேறும். சான்பாடா நிலையத்தில் இறங்கி ஆட்டோ ஏறாமல் வீடு சேர்ந்தால் ஒரு பகுதி முடிந்தது. தாராவியை ஒட்டி, குப்பை கொட்டப்பட்ட நிலத்தில் மரங்கள் வளர்த்து 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. குப்பைமேடு சோலையாகலாம் எனில், நம் உடல் திருந்தாதென்று சோர்வதற்குக் காரணமில்லை. இரவு உணவுக்குப்பின் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும் என்பதும் அறிக.

இழந்ததை எண்ணுவோம்

தமிழகத்தில் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர். தருமத்தை மீட்க முனைந்தவர் உடற்பிணியையும் தீர்ப்பவராக இருந்தார்.

மற்றொரு நினைவு துயரமானது. பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை ஏற்றார். டிசம்பர் 6-இல் மறைந்தார். இடையே கடந்தவை 53 நாட்களே. நீரிழிவும் நரம்பு நோயும் அவரைப் பல ஆண்டுகள் வருத்தின. அவற்றோடு போராடியே 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலை எழுதினார். அச்சேறிய அந்நூல் 1957-இல் வெளிவந்தபோது அவர் இல்லை. பல கோடி மக்களின் சுமையைத் தாங்கிய அவருக்குத் தம் உடலைப் பேண ஓய்வு வாய்க்கவில்லை. அவர் உழைப்பால் படிப்பும் பணியும் நமக்கு வாய்த்தன. அந்நோய்க்கே நாம் அறிந்தும் இடங்கொடுத்து, பிள்ளைகள் வளருமுன் படுக்கையில் விழுவோமாயின், அவர் பெற்றுத் தந்ததை வீணாக்கியவர் ஆவோம்.

ஒரு திங்கட் பயிற்சி

1. அரிசி அளக்கும் குவளை ஒன்றையே நிலையாகக் கொள்க. முதல் வாரம் வழக்கமான அளவைக் குறித்து வைக்க. அடுத்த வாரங்களில் ஒவ்வொரு பிடி குறைத்து, அவ்விடத்தைக் காயாலும் பயற்றாலும் நிரப்புக.

2. இல்லத்தில் ஒரு பிள்ளையைச் சுதர்சனனாக அமர்த்துக. இரண்டாம் முறை சோறு கேட்கும்போது அப்பிள்ளை நினைவூட்டட்டும். அதனிடம் சினங் கொள்ளாமையே உங்கள் நோன்பு.

3. தேநீரில் சர்க்கரையை அரைக் கரண்டி வீதம் குறைக்க.

4. நாள்தோறும் அரைமணி நடக்க. இரவு நடையில் குடும்பத்தார் உடன் வரட்டும்.

5. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்க.

திங்கள் முடிவில் கூட்டத்தில் இரு வினாக்களுக்கு விடை கூறுவோம். மன்னனுக்குப் பயன் தந்தது பாட்டா, அதனைத் தவறாது ஓதக் கேட்டமையா? நம் வீட்டில் எவர் கடைசியில் உண்கின்றார்?

கோசல மன்னன் துரோணத்திலிருந்து நாழிக்கு இறங்கியது ஒரு நாளில் அன்று, பருக்கை பருக்கையாக. நாமும் இன்றைய உலையில் ஒரு பிடி குறைத்துத் தொடங்குவோமாக.