நோய்முதல் தேடிய கதை

நுழையும்முன்

ஒரு நோயில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே தோன்றும்போது எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது எளிதன்று. அதனை மாற்றிக்கொண்டால் மருந்தே நோயை வளர்க்கும். பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் சுரப்பைக் கண்டறிந்த வரலாறு இவ்வுண்மையை விளக்குகிறது.

நடத்துநரின் துயர்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் எலும்பு வலியால் நலிந்தார். 1924ஆம் ஆண்டில் அவருடைய தொடையெலும்பு முறிந்தது. எலும்புகள் வலுவிழந்திருந்தன, சிறுநீரில் கால்சியம் மிகுந்து வெளியேறியது. ஃபெலிக்ஸ் மாண்டல் என்னும் அறுவை மருத்துவர் அவருக்கு மருத்துவம் செய்யும் பொறுப்பை ஏற்றார்.

அரிசிமணிச் சுரப்பிகள்

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில், பெரும்பாலும் நான்காக அமைந்தவை பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அரிசிமணி அளவே இருக்கும். மனித உடலில் இவை அமைந்திருப்பதை 1880ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஐவார் சான்ட்ஸ்ட்ரோம் விளக்கி எழுதினார்.

இரத்தத்தில் கால்சியம் குறையும்போது இச்சுரப்பிகள் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரகம் கால்சியத்தை இழக்காமல் காக்கிறது. வைட்டமின் டி வழியாகக் குடல் கூடுதலாக உறிஞ்சவும் துணைசெய்கிறது. கால்சியம் போதிய அளவை எட்டியதும் சுரப்பு தணிகிறது. நரம்பும் தசையும் இதயமும் சீராக இயங்குவதற்கு இச்சமநிலை இன்றியமையாதது.

காரணமா, விளைவா?

எலும்பு நலிந்தோரின் உடலில் பாராதைராய்டு சுரப்பி பருத்திருப்பதை வியன்னாவின் நோய்க்கூற்று அறிஞர் யாகோப் எர்ட்ஹைம் முன்பே கண்டிருந்தார். எலும்பின் இழப்பை ஈடுசெய்யவே சுரப்பி பருக்கிறது என்பது அவருடைய விளக்கம். அதனை ஏற்ற மாண்டல், நடத்துநருக்குச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தினார். விபத்தில் சிக்கியவர் ஒருவரின் சுரப்பியை எடுத்துப் பொருத்தியும் பார்த்தார். பயன் கிட்டவில்லை.

மாண்டல் தம் எண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். பருத்த சுரப்பியே எலும்பைக் கரைப்பதாக இருந்தால்? 1925ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடத்துநரின் கழுத்தைத் திறந்து, பாராதைராய்டு கட்டி ஒன்றை அகற்றினார். சிறுநீரில் கால்சியம் குறைந்தது, வலி தணிந்தது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர் நடமாடத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் மீண்டும் தலைதூக்கிய போதிலும், மருத்துவ உலகிற்குப் புதியதொரு வழி திறந்துவிட்டது.

எனினும் எர்ட்ஹைமின் கருத்து முற்றிலும் பிழையன்று. வைட்டமின் டி குறைபாட்டாலும் நாட்பட்ட சிறுநீரக நோயாலும் கால்சியம் குறையும்போது, அதனை ஈடுசெய்யவே சுரப்பி மிகையாக இயங்குகிறது. அங்கு மிகைச் சுரப்பு விளைவு. நடத்துநரிடத்தில் அதுவே காரணம்.

இன்றைய நோயறிதல்

சோர்வு, மலச்சிக்கல், மனத்தளர்ச்சி, மிகுந்த தாகம், சிறுநீரகக் கல், எலும்பு வலி ஆகியன இந்நோயின் அறிகுறிகள். பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. வேறு காரணத்திற்காகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் நோய் வெளிப்படுகிறது.

100 மி.லி. சீரத்தில் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருப்பது இயல்பு. அளவு அதைக் கடந்தால் ஹார்மோன் தணிந்திருத்தல் வேண்டும். கால்சியம் உயர்ந்தும் ஹார்மோன் தணியவில்லையெனில் சுரப்பியே நோய்முதல் என்னும் ஐயம் வலுக்கிறது. கால்சியம் குறைந்தோ இயல்பாகவோ இருக்க, ஹார்மோன் மட்டும் உயர்ந்திருந்தால் வைட்டமின் டியையும் சிறுநீரகத்தையும் ஆராய வேண்டும். இதனையொத்த பரம்பரை நிலை ஒன்றில் அறுவை தேவைப்படாது; அதைப் பிரித்தறிய ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் கால்சியத்தை அளவிடுவர். மீயொலிப் படம் முதலியன கட்டியின் இடத்தைக் காட்டுவன. நோயை உறுதி செய்வன இரத்தப் பரிசோதனைகளே.

மருத்துவம்

பெரும்பாலோரிடம் ஒரு சுரப்பியில் தோன்றும் புற்றுநோயல்லாத கட்டியே காரணம். அதனை அகற்றுவதே நோயை முழுமையாகத் தீர்க்கும் வழி. கட்டி கழுத்திலேயே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கப்பல் தலைவர் ஒருவருக்கு 1932ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஏழாம் அறுவையில்தான் அது மார்புக்கூட்டினுள் கிடைத்தது. சிறுநீரகம் முன்னரே சேதமுற்றிருந்தமையால் சில வாரங்களில் அவர் மறைந்தார். காலந்தாழ்த்தலின் விலை அது.

இரத்தத்தில் இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே, அறுவையின்போதே இரத்தத்தைச் சோதித்து, உரிய சுரப்பி அகற்றப்பட்டதா என்று அறிகின்றனர். பின்னர் கால்சியம் திடீரெனத் தாழ்ந்து, விரல்நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு தோன்றக்கூடும். அப்போது கால்சியம் தருவர். அறுவைக்கு இயலாதோருக்குக் கால்சியத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. பாதிப்பு சிறிதெனில் முறையாகக் கண்காணித்தலே போதும்.

தான் ஏற்றிருந்த கொள்கையை நோயாளியின் உடல் மறுத்தபோது, மாண்டல் உடலின் சான்றையே நம்பினார். நோய்முதல் நாடுவோருக்கு வேண்டிய துணிவு அதுவே.

கற்பவை கற்றபின்

1. மாண்டலின் முதல் மருத்துவம் பயனளிக்காமைக்குக் காரணம் யாது?
2. காரணமும் விளைவும் இடம் மாறிப் புரிந்துகொள்ளப்பட்ட பிறிதொரு நிகழ்வைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.