அரிய வான்கோழி: ஆளறிந்து விற்பதும் அலுங்காமல் கொண்டுசேர்ப்பதும்

அமெரிக்காவில் பாரம்பரிய வான்கோழி வளர்ப்பவர் விலையைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றை முடிவுசெய்துவிட வேண்டும். எந்தப் பறவை இனவிருத்திக்கு, எது கறிக்கு? வாங்குபவர், பருவம், வண்டியில் ஏற்றும் முறை எல்லாமே இதைப் பொறுத்து மாறும். இதைப் பிரிக்காமல் ‘வான்கோழி விற்பனைக்கு’ என்று பொதுவாக விளம்பரம் போட்டால் பேரம் பேசுகிறவர்கள் வருவார்கள், வளர்க்கிறவர்கள் வரமாட்டார்கள்.

அங்கே கடைகளில் குவிவது அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை வான்கோழி. அதன் நெஞ்சுக்கறி பெருத்துப்போனதால் இயல்பாக இணைசேர முடியாது. செயற்கைக் கருவூட்டல் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையே கிடையாது. பாரம்பரிய இனம் என்று சொல்வதற்கு ‘லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி’ அமைப்பு மூன்று தகுதிகளைக் கேட்கிறது. தானாக இணைசேர வேண்டும். வெளியில் மேய்ந்து பல ஆண்டுகள் முட்டையிட்டு வாழ வேண்டும். மெதுவாக, ஏறத்தாழ 28 வாரத்தில் விற்பனை எடையை எட்ட வேண்டும். 1997-இல் அந்த அமைப்பு எடுத்த கணக்கில், நாடு முழுவதும் எல்லாப் பாரம்பரிய இனங்களையும் சேர்த்தே இனவிருத்திப் பறவைகள் 1,500-ஐத் தொடவில்லை. அவற்றை மீட்டவர்கள் கூண்டுக்குள் வைத்துப் பாதுகாத்தவர்கள் மட்டுமல்லர், காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவர்களும்தான். கறிக்கு வாங்க ஆள் இல்லையென்றால் எந்தப் பண்ணையாளரும் தாய்ப்பறவைகளுக்குத் தொடர்ந்து தீனி போட மாட்டார்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையம் 1930-களில் சிறு குடும்பங்களுக்கென்று உருவாக்கிய சிறிய இனம் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை. சொந்த நாட்டில் அது இன்று அரிய பறவை. தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘நந்தனம் வான்கோழி-1’ அந்த இனத்தையும் நாட்டுக் கருப்பு வான்கோழியையும் கலந்து வந்ததே.

இனவிருத்திக்கு விற்பதாக இருந்தால் விளம்பரத்துக்கு முன் கழித்தல் நடக்க வேண்டும். கால்விரல் கோணியது, இறக்கை வெளியே பிரிந்து நிற்பது, இனத்துக்கு ஒவ்வாத நிறம் கொண்டது, நோஞ்சான் எல்லாம் கறிக்குப் போகட்டும். மிஞ்சுவதில் ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் சேர்த்து ஒரு தொகுதியாக விற்பதே வழக்கம். சேவல் அந்தப் பெட்டைகளின் உடன்பிறப்பாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் எண்ணிட்ட கால்வளையம் போட்டு, எந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை என்பதை எழுதிக் கொடுங்கள். ஒழுங்கான கணக்கு வைத்திருப்பவரிடம் வாங்க மாநிலம் தாண்டியும் வருவார்கள்.

வாங்குபவர்களைத் தேடவும் சில இடங்கள் இருக்கின்றன. லைவ்ஸ்டாக் கன்சர்வன்சியின் வளர்ப்போர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். 1967-இல் தொடங்கிய பழைய கோழியினங்களுக்கான காப்புச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். மாவட்டக் கண்காட்சிக்கு இரண்டு நல்ல பறவைகளைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கே ‘4-ஹெச்’ என்னும் இளையோர் மன்றப் பிள்ளைகள் பெற்றோரோடு வருவார்கள், அடுத்த ஆண்டுக்குக் குஞ்சு கேட்பவர்கள் அவர்கள்தான். தீவனக் கடை அறிவிப்புப் பலகை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஃபேஸ்புக்கை நம்பி மட்டும் இருக்காதீர்கள். தனி ஆட்கள் உயிருள்ள விலங்குகளை விற்பதை அதன் விதிகள் தடுக்கின்றன, பதிவு எந்த நேரமும் காணாமல் போகலாம்.

வந்தவரிடம் நீங்களும் கேள்வி கேளுங்கள். ஏற்கெனவே கோழி வளர்க்கிறீர்களா என்பது என் முதல் கேள்வியாக இருக்கும். கோழிக் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டை வழியாகக் கருந்தலை நோய் பரவுகிறது. கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழி செத்துப்போகும். இதற்கென்று அங்கே இருந்த நைட்டார்சோன் மருந்தும் 2015 முடிவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கோழி மேய்ந்த தரையிலேயே விடுவேன் என்பவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் விற்காதீர்கள். அடுத்த கேள்வி, இரவு அடைவதற்கு என்ன ஏற்பாடு? இந்தப் பறவைகள் நன்றாகப் பறக்கும், மரத்தில் ஏறும், நரியிடமும் சிக்கும்.

கறிச் சந்தையை நாள்காட்டி நடத்துகிறது. வான்கோழி விருந்து நடக்கும் நன்றி தெரிவித்தல் நாள் நவம்பரின் நான்காவது வியாழன். 28 வாரம் பின்னோக்கி எண்ணினால் மே தொடக்கத்துக்குள் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். கோடையிலேயே முன்பணம் வாங்கிப் பெயரைப் பதியுங்கள், வெட்டும் கூடத்திலும் அப்போதே நாள் பிடித்துவிடுங்கள். அக்டோபரில் கேட்டால் இடம் கிடைக்காது. எடையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். போர்பன் ரெட் இனத்தில் இளஞ்சேவலுக்கு 23 பவுண்டு, இளம்பெட்டைக்கு 14 பவுண்டு என்பது தரஅளவு. உரித்த பின் அதிலும் குறையும். நெஞ்சு ஒடுங்கியிருக்கும், கால்கறி கூடுதல், சுவை அழுத்தமானது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு புகார் வராது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நல்ல வாடிக்கையாளர்கள் என்பேன். குழம்புக்கும் பிரியாணிக்கும் நமக்கு வேண்டியது அந்தக் கால்கறிதானே.

பறவை மாநில எல்லையைத் தாண்டுகிறதென்றால் தாள்கள் கையில் இருக்க வேண்டும். 1935-இல் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தில் பதிந்து, கூட்டத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்து சான்று வாங்கிவையுங்கள். போய்ச் சேரும் மாநிலத்தின் கால்நடை அலுவலகத்துக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம். 2022 பிப்ரவரியில் இந்தியானா மாநிலத்து வான்கோழிப் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதிலிருந்து, எங்கே எப்போது தடை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்பலாம். அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளை ஏற்றுவருகிறது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு மூன்று நாள் வரை தாங்கும், அதனால்தான் பொரித்த 24 மணி நேரத்துக்குள் அனுப்பி 72 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று விதி. திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்புங்கள், வாரக்கடைசியில் பெட்டி எங்கும் தேங்கக் கூடாது. வாங்குபவர் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டோடு அடைப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டினால்தான் குடிக்கப் பழகும். முட்டையாக அனுப்பினால் கூர்முனை கீழே இருக்கட்டும். சேர்ந்ததும் ஒரு நாள் ஓய்வு, பிறகு 28 நாள் அடை.

வளர்ந்த சேவலைத் தபாலில் அனுப்ப நான் சொல்ல மாட்டேன், சாலைவழியே நல்லது. முந்தின இரவு அடைந்திருக்கும்போது பிடித்தால் சண்டையே இராது. இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். ஒற்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டால் இடுப்பு பிசகும், இறக்கை அடித்து அடித்துச் சதை கன்றிப்போகும். கோழிக்கான கூடை உயரம் போதாது. பெரிய நாய்களுக்கான பிளாஸ்டிக் கூண்டு நன்றாகப் பொருந்தும், தலையை நிமிர்த்தி நிற்க இடம் இருக்கும். அடியில் வைக்கோல் தடிமனாக வேண்டும், வழுக்கினால் கால் போய்விடும். அறிமுகமில்லாத இரண்டு சேவல்களை ஒரே கூண்டில் அடைக்கவே கூடாது. கோழி ஏற்றிய கூண்டைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்துக் காயவைத்த பின்பே வான்கோழிக்கு எடுங்கள்.

ஏற்றுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தலாம். தண்ணீரைக் கடைசிவரை எடுக்காதீர்கள். பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை விரட்டும். ஆகவே கோடையில் விடியற்காலைப் பயணம் மட்டுமே. திறந்த வண்டியென்றால் முன்பக்கக் காற்றைத் தார்ப்பாயால் மறைத்து, பக்கவாட்டில் காற்றோட்டம் விடுங்கள். பெட்ரோல் போட நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். வழியில் பெரும்பாலும் நின்ற தண்ணீரைத் தொடாது; வெள்ளரி, தர்ப்பூசணித் துண்டு வைத்தால் கொத்தும்.

இறக்கியதும் தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துத் தீனி. ஏற்கெனவே வான்கோழி இருக்கிற இடமென்றால் 30 நாள் தனியே அடைக்கச் சொல்லுங்கள். புதிய இடமென்றாலும் இரண்டு வாரம் அடைத்துவைத்த பிறகே மேய விட வேண்டும், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். ஒரு வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். அடுத்த வசந்தத்தில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று கேட்டு உங்கள் கணக்குப் புத்தகத்திலும் எழுதுங்கள். விற்கும்போதே, தேவைப்பட்டால் இந்த வம்சவழியில் வந்த குஞ்சுகளை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பறவைக் காய்ச்சலில் உங்கள் கூட்டம் முழுவதையும் அழிக்க நேர்ந்தால், அதே வம்சவழியைத் திரும்பத் தொடங்க உங்களுக்கு இருப்பது வாங்கியவர் வீட்டு முற்றம் ஒன்றுதான்.