மாசி, பங்குனி அம்மை: செஞ்சி வட்டாரக் கர்ப்பிணிகள் கவனத்துக்கு

மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்கும் தேரோட்டத்துக்கும் செஞ்சி வழியாக ஜனங்கள் திரண்டு போகும் மாதம் மாசி. சின்னம்மையும் ரூபெல்லாவும் (ஜெர்மன் தட்டம்மை) அதிகம் பரவும் பருவமும் இதுதான். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும். ஆகவே கர்ப்பிணிகள் இந்த ஆண்டு கூட்டத்துக்குள் போகாமல், வீட்டிலிருந்தே அம்மனைக் கும்பிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

1. சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை போட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

2. சின்னம்மை போடாதவர், சின்னம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 10 நாட்களுக்குள் போடக்கூடிய பாதுகாப்பு ஊசி உண்டு.

3. காய்ச்சலோடு தடிப்போ கொப்புளமோ தெரிந்தால், வேப்பிலையும் வேண்டுதலும் இருக்கட்டும். மருத்துவரையும் 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராமல், முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். ஆலோசனைக்கு 104, மூச்சுத் திணறினால் 108.

4. எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளைக் கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. பிள்ளை பெறத் திட்டமிடுவோர் ஊசி போட்டபின் ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

5. பிரசவத்தை ஒட்டிச் சின்னம்மை கண்டால் பிறந்த குழந்தைக்கு உடனடி சிகிச்சை தேவைப்படும். மறைக்காதீர்கள்.

அம்மை வந்தால் குழந்தையின் குரோமோசோம் கெட்டுவிடுமா?

வைரஸ் தொற்றிய செல்களில் குரோமோசோம் உடைவதை 1960-களில் ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள். அதை வைத்து, அம்மை வந்தால் டவுன் சிண்ட்ரோம் வரும் என்று பயப்பட வேண்டாம். அது 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. கர்ப்பத்தில் வந்த அம்மை அதற்குக் காரணமல்ல.

ரூபெல்லா செய்யும் கேடு வேறு. நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, உறுப்புகள் உருவாகும் நேரத்தில் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா குழந்தையைப் பாதிப்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் உலகுக்குச் சொன்னார். முதல் 12 வாரங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், 10 குழந்தைகளில் 9 வரை கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். 20 வாரத்துக்குள் வரும் சின்னம்மையில் கருவுக்குக் கேடு நேரும் ஆபத்து 100-க்கு 2 அல்லது அதற்கும் குறைவு. எனவே குரோமோசோம் பரிசோதனை சரியாக இருந்தாலும், ரூபெல்லாவுக்கான இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் விட்டுவிடாதீர்கள். தடிப்பு எந்தத் தேதியில் தெரிந்தது, அப்போது எத்தனையாவது வாரம் என்று எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தமிழகத்தில் எம்.ஆர். தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கே போட்டார்கள். அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்கள் பலர் அந்த முகாமில் ஊசி போடாமலே இன்று தாயாகிறார்கள். குடும்பத்தாரே, அவர்களைக் குறை சொல்லாமல் துணைக்குப் போங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என எம்.ஆர். ஊசி இரண்டையும் தவறாமல் போடுங்கள்.